எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம்: வகுப்பா, நிலையா, விரலா, செவியா?

எங்கள் பள்ளியில் படித்துவிட்டு இப்போது திருப்பூரிலும் கோவையிலும் வேலையில் இருப்பவர்கள் சேர்ந்து இந்த ஆண்டு 10,000 ரூபாய் கொடுத்தார்கள். கதைப் புத்தகம் மட்டுமே வாங்க வேண்டும், பெஞ்சோ பீரோவோ கூடாது என்பது அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை. காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிற ஈராசிரியர் பள்ளி இது. ஐந்து வகுப்பும் சேர்ந்து 41 பிள்ளைகள். காலையில் பனியன் கம்பெனி வேனில் ஏறிவிடும் அம்மாக்கள், தேங்காய்க் களத்தில் பருப்பு காயப்போடுகிறவர்கள், கொறங்காட்டில் ஆடு மேய்க்கும் அப்பாருகள், இவர்கள் வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் கதைப் புத்தகம் வைத்திருக்கும் பிள்ளைகள் இரண்டோ மூன்றோதான். பள்ளியில் கையில் கிடைக்கும் முதல் புத்தகம் எட்டாத புத்தகமாக இருந்துவிட்டால், "எனக்குப் படிக்க வராதுங்க" என்ற முடிவுக்கு ஏழு வயதிலேயே வந்துவிடுகிறார்கள். அந்த முடிவை மாற்றப் பிறகு இரண்டு வருடம் ஆகிறது.

ஆகவே எதை வாங்குவது என்பதற்கு முன்னால், எதை யார் கையில் எப்படிக் கொடுப்பது என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. அதற்குப் புழக்கத்தில் உள்ள வழிகள் எல்லாவற்றையும் நான் ஏதாவதொரு வருடம் செய்து பார்த்திருக்கிறேன். இதே யோசனையில் இருக்கும் மற்ற ஆசிரியர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

வகுப்புவாரியாகப் பிரிப்பது எல்லோரும் செய்வது. மூன்றாம் வகுப்புக்கு ஒரு தட்டு, நான்காம் வகுப்புக்கு ஒரு தட்டு. பதிவேடு எழுத எளிது, அதிகாரி வந்தால் காட்ட எளிது. அதற்குமேல் இதில் நன்மை எதுவும் எனக்குத் தெரியவில்லை. என் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் பஸ் கண்ணாடியில் ஒட்டியிருப்பதையெல்லாம் படிப்பான். அவன் பக்கத்தில் உட்காரும் பிள்ளை 'கொ'வைப் பார்த்தால் நின்றுவிடும். கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பை வீடு வீடாகச் சோதிக்க 2005 முதல் நடந்துவரும் அசர் கணக்கெடுப்பில் 5 வயதுப் பிள்ளைக்கும் 16 வயதுப் பிள்ளைக்கும் ஒரே தாளைத்தான் நீட்டுகிறார்கள்: எழுத்து, சொல், ஒரு சிறு பத்தி, பிறகு இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு கதை. வயதையும் வகுப்பையும் வைத்து வாசிப்பை ஊகிக்க முடியாது என்பதை ஏற்றுக்கொண்டுதான் அந்தத் தாளே தயாராகியிருக்கிறது. வகுப்புத் தட்டை அந்த வருடமே எடுத்துவிட்டேன்.

அடுத்தது, புத்தகத்தின் மேல் அச்சிட்ட நிலையை நம்புவது. சிறுவர் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் தன் கதைகளை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. 2015இல் அவர்கள் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை நிலைவாரியாகத் தேடி இலவசமாக எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம். நம் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் 2023இல் வந்தபோது புத்தகங்களுக்கு நுழை, நட, ஓடு, பற என்று பெயர் வைத்தார்கள். இந்தப் பெயர்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். நான்குமே பிள்ளையைப் பார்த்து 'செய்' என்று அழைக்கும் சொற்கள். 'நீ இன்னது' என்று எதுவும் முத்திரை குத்துவதில்லை. மெலிந்த புத்தகம், பெரிய எழுத்து, நல்ல படம். பெரும்பாலான பிள்ளைகள் முதன்முதலாக ஒரு முழுப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை வாசித்து முடிப்பது இந்த வகையில்தான். அந்த மகிழ்ச்சியைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் அச்சிட்ட நிலையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தமிழில் ஒரு புத்தகம் கடினமாவதற்கான காரணங்கள் வேறு. ஆங்கிலத்தில் 1948இல் வந்த ஃப்ளெஷ் சூத்திரம் வாக்கிய நீளத்தையும் சொல்லில் உள்ள அசைகளையும் எண்ணிக் கடினத்தைச் சொல்கிறது. தனியார் பள்ளிகளில் பேசப்படும், வாசிப்புக் கடினத்தை அளக்கும் லெக்சைல் எண்ணும் ஆங்கிலப் பனுவலுக்கானது. தமிழில் 'வந்துவிட்டார்களா' ஒரே சொல். காலம், ஆள், பன்மை, மரியாதை, கேள்வி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. மூன்றே சொல் உள்ள வாக்கியம் பிள்ளையை மூச்சு முட்ட வைக்கும். பத்துச் சொல் உள்ள வாக்கியம் 'ஆடு மேஞ்சுச்சு, மாடு மேஞ்சுச்சு' என்று போனால் ஓடிவிடும். சொல்லை எண்ணுவதால் எங்களுக்கு அதிகம் தெரியவருவதில்லை.

நான் பார்ப்பது வேறு. முதலில் எழுத்து. 'மரம்', 'படகு' போன்றவை ஒரு தட்டு. கால், கொம்பு சேர்ந்தவை அடுத்தது. 'கொ, கோ, கௌ' மாதிரி மெய்க்கு இரு பக்கமும் குறி நிற்பவை எல்லாவற்றுக்கும் மேலே. ஒற்றைக் கொம்பு கண்ணுக்கு முன்னால் வருகிறது, ஒலியில் பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகப் படி என்று சொல்லிக்கொடுத்த பிள்ளைக்கு இது குழப்பம்தான். ஒரு பக்கத்தில் இப்படி நான்கு சொல் இருந்தால், அட்டையில் எந்த நிலை போட்டிருந்தாலும் நான் ஒரு படி மேலே தள்ளிவிடுவேன்.

இரண்டாவது, ஒட்டி நிற்கும் சொற்கள். 'போய்க்கொண்டிருந்தபோது' என்பதைப் பிரித்து மூச்சுவிட எங்கே இடம் என்று பிள்ளைக்குத் தெரியாது.

மூன்றாவதுதான் எங்கள் ஊருக்கே உரியது. புத்தகத்தில் 'விருந்தினர்' வருவார்கள், இங்கே வீட்டுக்கு வருவது ஒறம்பரை. புத்தகத்தில் 'துடைப்பம்', வீட்டில் சீமாறு. தாத்தா என்று ஒருவர் புத்தகத்தில் இருப்பார். எங்கள் பிள்ளைகளுக்கு அப்பாவின் அப்பா அப்பாரு, அம்மாவின் அப்பா அப்புச்சி. இரண்டு பேரும் வேறு வேறு வீட்டில் இருக்கிறவர்கள். புத்தகத் தாத்தா இவர்களில் யார் என்று ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது. நியாயமான கேள்விதான். கடற்கரையும் படகும் வரும் முதல் நிலைக் கதை ஒன்றில் திணறிய பிள்ளைகள், பட்டியில் ஆட்டுக்குட்டி காணாமல் போகும் இரண்டாம் நிலைக் கதையை ஒரே மூச்சில் வாசித்தார்கள். கதை தெரிந்த இடத்தில் நடந்தால் அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்று மனசு முன்னாலேயே போய் நிற்கிறது. அச்சிட்ட நிலைக்கு இது தெரிய வழியில்லை. ராமேஸ்வரத்துப் பிள்ளைக்கு அந்த இரண்டு புத்தகங்களின் நிலையும் நேர்மாறாக இருக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யாராவது வீட்டுப் பரணிலிருந்து பழைய சிறுவர் நூல்களைக் கட்டிக்கொண்டு வந்து தருவார்கள். நல்ல மனசோடு தருவது, வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் 'லை', 'னை' எல்லாம் துதிக்கை தூக்கியபடி இருக்கும். 'றா', 'னா' வேறு வடிவத்தில் இருக்கும். இப்போதுதான் எழுத்து கூட்டும் பிள்ளை அங்கே தடுமாறினால் அது அதன் குறை இல்லை. அவற்றை நான் வாசித்துக் காட்டுவதற்கு என்று தனியாக வைத்திருக்கிறேன்.

மூன்றாவது வழி, பிள்ளையை நிலைப்படுத்துவது. நம் தொடக்கப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. கற்பிப்பதற்கு இது மிகவும் உதவியானது. யாருக்கு எழுத்திலிருந்து தொடங்க வேண்டும், யாருக்கு வாக்கியம் போதும் என்று தெரியாமல் பாடம் நடத்தியதைவிட இது நூறு மடங்கு மேல். பெயர் வைத்தவர்கள் மென்மையாகத்தான் வைத்திருக்கிறார்கள். அதைக் கதைப் புத்தக அலமாரிக்கும் நீட்டி, அரும்புக்கு இந்தத் தட்டு, மலருக்கு அந்தத் தட்டு என்று நான் ஒட்டினேன். ஒரு மாதம் கழித்துப் பள்ளிக்கு வந்த ஒருவர் மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் "உன் பேரென்ன கண்ணு?" என்று கேட்டார். பேரைச் சொல்லிவிட்டு, கேட்காமலேயே, "நான் அரும்புங்க" என்றது. அன்று சாயங்காலமே அந்தச் சீட்டுகளைக் கிழித்தேன். பாடத்துக்கான அளவு பாடத்தோடு நிற்க வேண்டும். கதைப் புத்தகம் எடுக்கப் போகும் பிள்ளையின் நெற்றியில் அது ஏறக்கூடாது.

பெற்றோர் பக்கமும் இதே ஆபத்து உண்டு. "ஏனுங்க டீச்சர், பக்கத்து வீட்டுப் பாப்பா மலராமா, எங்க பையன் எப்பங்க வருவான்?" என்று ஒரு அம்மா வேனுக்கு ஓடுகிற அவசரத்திலும் நின்று கேட்டார். அவர் கவலை உண்மையானது. ஆனால் அந்தக் கவலை வீட்டில் பையன் மேல் எப்படி இறங்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

நான்காவது, பிள்ளையே எடுக்கட்டும் என்று விடுவது. அதற்குத் துணையாக ஐந்து விரல் விதி. ஒரு பக்கத்தைத் திறந்து வாசி, தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கு, ஐந்தும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். பிள்ளைக்குத் தன்மேல் பொறுப்பு வருகிறது, செலவே இல்லை, ஆசிரியர் நேரமும் வேண்டாம். இதை விட்டுவிட எனக்கு மனமில்லை. ஆனால் விரல் கணக்கை மாற்ற வேண்டும். இந்த விதி ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 100 சொல் உள்ள புத்தகத்துக்குப் பொருந்துகிறது. நம் படக்கதையில் ஒரு பக்கத்தில் 15 முதல் 20 சொல்தான் இருக்கும். இருபதில் ஐந்து தெரியவில்லை என்றால் கால்வாசி போய்விட்டது, அப்புறம் கதை எங்கே இருக்கும்? எனவே படக்கதைக்கு இரண்டு விரல் வரை சரி, எழுத்து நிறைந்த பக்கத்துக்குப் பழைய ஐந்து விரல் கணக்கே என்று பிரித்துச் சொல்லிக்கொடுத்தேன். 'மூணாவது விரலு மடங்குச்சுன்னா அக்கட்டால வெச்சுரு, அப்புறம் பாத்துக்கலாம்' என்று பெரிய பிள்ளைகளே சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. தெரியாத சொல்லைத் தெரிந்ததாக நினைத்துக் கடந்துபோகும் பிள்ளைக்கு விரலே மடங்காது.

அந்த ஓட்டையை அடைப்பது ஐந்தாவது வழி ஒன்றுதான்: பக்கத்தில் உட்கார்ந்து காதால் கேட்பது.

பிள்ளை வாசிக்கும்போது சரியான சொல்லுக்கு ஒரு டிக், தவறினால் அதன் மேல் பிள்ளை சொன்னதை எழுதிக்கொள்வது என்ற முறையை நியூசிலாந்தின் வாசிப்பு ஆய்வாளர் மேரி கிளே பரப்பினார். அமெரிக்கக் கல்வியாளர் எம்மெட் பெட்ஸ் 1946இல் சொன்ன அளவு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நூற்றுக்கு 99 சொல் சரியாக வந்தால் தனியே வாசிக்கலாம், 95 வந்தால் ஆசிரியர் துணையோடு, 90க்குக் கீழே போனால் பிள்ளை சோர்ந்துவிடும். 60 சொல் உள்ள கதையில் மூன்று தவறு என்றால் 95.

இதை எங்கள் தாழ்வாரத்தில் செய்தபோது இரண்டு விஷயம் புரிந்தது. ஒன்று, எது தவறு என்பது. புத்தகத்தில் 'வீட்டுக்குப் போக வேண்டும்' என்று இருந்தது. பிள்ளை 'ஊட்டுக்குப் போகோணும்' என்று வாசித்தது. மூன்று சொல்லில் இரண்டு மாறிவிட்டது. ஆனால் அந்தப் பிள்ளை எழுத்தைப் பார்த்து, பொருளைப் பிடித்து, தன் வாயால் சொல்லிவிட்டது. இதைவிட நல்ல வாசிப்பு எது? அதை நான் தவறாக எண்ணுவதில்லை. 'மாடு' என்பதை 'மாடி' என்று படித்துவிட்டு, மாடி புல் தின்பதைப் பற்றிக் கவலைப்படாமல் போனால் அதுதான் தவறு. தானே திரும்பி வந்து திருத்திக்கொண்டால் தவறில்லை, கிளேயின் முறையிலும் அப்படித்தான்.

இரண்டாவது விஷயம் இதைவிடப் பெரியது. தமிழ் எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு நேரானது. க, ச, ட, த, ப இடத்துக்கேற்ப ஒலி மாறுவதைத் தவிர, எழுதியபடி சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகவே ஒரு சொல்லும் புரியாமல் ஒரு பக்கத்தைத் தவறே இல்லாமல் வாசித்துவிட முடியும். எங்கள் களத்தில் வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்துப் பெண் குழந்தை ஒன்று ஆறு மாதத்தில் எழுத்து முழுதும் பிடித்துக்கொண்டது. கணக்குப்படி நூற்றுக்கு நூறு. "என்ன கண்ணு நடந்துச்சு கதையில?" என்றால் சிரிக்கும். பெட்ஸின் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு நான் 'பற' புத்தகத்தைக் கொடுத்து அனுப்பியிருப்பேன். ஸ்டோரிவீவரில் ஒரே கதை ஒடியாவிலும் தமிழிலும் இருப்பதைத் தேடி இரண்டையும் அச்சிட்டுக் கொடுத்தேன். ஒடியாவில் அவள் அம்மா வாசித்துச் சொல்ல, மறுநாள் தமிழில் அவள் எங்களுக்குச் சொன்னாள். அன்றிலிருந்து தவறு எண்ணுவதைப் பாதியாகக் குறைத்து, கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்வதை முதலில் வைத்துக்கொண்டேன். கொங்குப் பேச்சில் சொல்லலாம், முன்னே பின்னே சொல்லலாம். யார், என்ன செய்தார், ஏன் என்ற மூன்றும் வந்தால் போதும்.

இந்த வழியின் விலை நேரம். ஒரு பிள்ளைக்கு மூன்று நான்கு நிமிடம் ஆகும். எழுத்து தெரிந்த பிள்ளைகள் எங்களிடம் முப்பது பேர். ஒரு நாளைக்கு ஐந்து பேர் என்று வைத்தால் ஆறு பள்ளி நாளில் ஒரு சுற்று முடிகிறது. காலை உணவு முடிந்து வகுப்பு தொடங்குவதற்கு முன் இருக்கும் நேரத்தில் செய்கிறேன். மாதம் ஒரு சுற்று போதும். 40 பேர் ஒரே வகுப்பில் இருக்கும் ஆசிரியருக்கு இது கடினம்தான். அவர்கள் திணறும் பிள்ளைகளையும் மிக வேகமாக வாசிக்கும் பிள்ளைகளையும் மட்டும் கேட்கலாம். நடுவில் உள்ளவர்களுக்கு விரல் போதும்.

ஆக, நான் எடுத்த முடிவு இது. நிலை புத்தகத்தின் மேல் இருக்கட்டும், பிள்ளையின் மேல் வேண்டாம். அச்சிட்ட நிலையைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, எங்கள் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்ட பிறகு பின்னட்டையில் பென்சிலால் திருத்துகிறேன். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பது என் நோட்டில் மட்டும் இருக்கிறது. அலமாரியில் எல்லாத் தட்டும் எல்லோருக்கும் திறந்திருக்கும், விரல் விதியோடு. எட்டாத புத்தகத்தை ஆசைப்பட்டு எடுத்தால் தடுப்பதில்லை. கூடவே அதே விஷயத்தில் எளிய புத்தகம் ஒன்றையும் கையில் சேர்த்துக் கொடுத்துவிடுவேன். பாம்பைப் பற்றித் தடித்த புத்தகத்தைத் தினமும் எடுத்துப் படம் மட்டும் பார்த்த பையன், அதற்காகவே எழுத்து கூட்டக் கற்றான். அந்த ஆசைக்கு எந்த அளவுகோலும் இல்லை.

இதோடு, ஒரே பிள்ளைக்கு ஒரே நாளில் மூன்று நிலை வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். தனியாக வாசிக்க எளியது. என்னோடு உட்கார்ந்து வாசிக்க ஒரு படி மேலே. நான் வாசித்துக் காட்டுவது இரண்டு மூன்று படி மேலே இருந்தாலும் பரவாயில்லை. ஆசிரியர் துணை இருக்கும்போது கடினமான பனுவலைக் கொடுப்பதே நல்லது என்று அமெரிக்க வாசிப்பு ஆய்வாளர் டிமத்தி ஷானஹன் நெடுநாளாகச் சொல்லிவருகிறார். நிலைக்குள்ளேயே பிள்ளையை அடைத்துவைத்தால் பெரிய சொற்கள் அதன் காதில் விழவே விழாது என்பதால், இந்த இடத்தில் நான் அவர் பக்கம்.

இனி அந்த 10,000 ரூபாய். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போனால் வழக்கமாக நம் கண்ணை இழுப்பது நூறு கதைகள் சேர்ந்த தடித்த நீதிக்கதைத் தொகுப்புகள். விலைக்குப் பக்கம் நிறைய. எழுத்து பொடியாக, பத்திகள் நெருக்கமாக இருக்கும். எங்கள் அலமாரியில் ஏற்கனவே இருப்பதும் அவைதான், பாதிக்குமேல் பிரிக்காமல். இந்த முறை 5,500 ரூபாயை நுழை, நட அளவிலான மெலிந்த புத்தகங்களுக்கே ஒதுக்கினோம். ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி, இரண்டு பேர் சேர்ந்து வாசிக்க, ஒன்று வீட்டுக்குப் போக. 2,500 ஓடு அளவுக்கு. 1,000 ரூபாய்க்குப் பெரிய புத்தகங்கள் சில, நாங்கள் வாசித்துக் காட்டுவதற்கும் ஐந்தாம் வகுப்பில் பறப்பவர்களுக்கும். மீதி 1,000 ஸ்டோரிவீவர் கதைகளை அச்சிட்டுத் தைக்க, ஒடியாவும் இந்தியும் அதில் சேரும்.

கடையில் நின்று நான் செய்வது ஒன்றுதான். முதல் பக்கத்தை எல்லோரும் எளிதாகத்தான் எழுதியிருப்பார்கள். நடுப்பக்கத்தைத் திறந்து, எங்கள் வகுப்பில் நடுவாந்தரமாக வாசிக்கும் ஒரு பிள்ளையை நினைத்துக்கொண்டு, அதன் வேகத்தில் வாய்விட்டு வாசிப்பேன். எங்கே மூச்சு நிற்கிறது, எந்தச் சொல் இந்த ஊரில் இல்லை, படத்தை மூடினால் கதை புரிகிறதா என்று பார்ப்பேன். போன முறை நான்காம் வகுப்பிலிருந்து இரண்டு பேரைக் கூடவே அழைத்துப் போனோம். நான் எடுத்த ஏழு புத்தகங்களில் மூன்றை அவர்கள் திருப்பி வைத்துவிட்டார்கள். அந்த மூன்றுக்குப் பதிலாக அவர்கள் எடுத்தவைதான் இப்போது அட்டை கிழிந்து, செலோடேப் ஒட்டி, நான்காவது சுற்றில் ஓடிக்கொண்டிருக்கின்றன.